என் மகளுக்கு டர்னர் சிண்ட்ரோம்: உயர ஊசியோடு எங்கள் மூன்று வருடங்கள்

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை நான்தான் தைப்பேன். பாவாடை ஓரத்தை மூன்று விரல் அளவுக்கு உள்ளே மடித்துத் தைத்துவிட்டால், அடுத்த ஜூனில் அதைப் பிரித்துவிட்டு இன்னொரு வருடம் ஓட்டிவிடலாம். இவளுக்கு ஒன்றாம் வகுப்பில் மடித்ததை மூன்றாம் வகுப்பு வந்தும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பை மட்டும் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தேன். மிஷின் முன்னால் அந்தப் பாவாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்கு முன்னாலும் சும்மா இருந்துவிடவில்லை. ஆறு வயதில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "அம்மாவும் உயரம் கம்மிதானே, பெரியவளாகும்போது சட்டுன்னு வளர்ந்துடுவா" என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அளந்து பார்க்கவில்லை. வீட்டில் அத்தையும், "உங்க வழியில எல்லாருமே குட்டைதானே" என்று அடிக்கடி சொல்வார். நான் 152 செ.மீ., கணவர் 168. நானும் அதையே நம்பினேன். அந்த இரண்டு வருடங்கள் போனதுதான் இன்றும் எனக்கு ஆறாத விஷயம்.

பாவாடை விஷயத்துக்கு அப்புறம், மதுரையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எங்கள் இருவரையும் நிற்க வைத்து அளந்தார். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டிப் பாதியாக்கி, பெண் குழந்தை என்றால் 6.5 செ.மீ. கழிக்க வேண்டுமாம். எங்கள் கணக்குக்கு 153.5 வந்தது. மகள் அன்று எட்டு வயதில் 109 செ.மீ., 19 கிலோ. இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடத்தில் அவளுடைய புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே விழுந்தது. "அம்மா குட்டைங்கிறது இதுக்குக் காரணமா இருக்க முடியாது" என்றார் டாக்டர். பள்ளி மருத்துவ அட்டையில் முந்தைய வருடம் 105.5 என்று இருந்ததையும் பார்த்தார். ஐந்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர வேண்டும், 4-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும் என்று அவர் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். எத்தனை உயரம் என்பதைவிட எந்த வேகத்தில் வளர்கிறது என்பதே முக்கியமாம். அதற்கு வீட்டுச் சுவரும் ஒரு பென்சிலும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், கொண்டை இல்லாமல், ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். காலையில் நிற்பதற்கும் ராத்திரி நிற்பதற்குமே வித்தியாசம் வரும்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. பிறந்தபோது கை கால் வீங்கியிருந்ததா? ஆமாம், பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன, நீர் கோத்திருக்கிறது, வடிந்துவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அடிக்கடி காதில் சீழ் வருமா? வரும். கழுத்தின் பின்பக்கம் முடி எங்கே முடிகிறது என்று பார்த்தார். முஷ்டி மடக்கச் சொன்னார். மோதிர விரல் முட்டி மட்டும் உள்வாங்கியிருந்தது. எட்டு வருடம் குளிப்பாட்டி, தலைவாரிப் பின்னிவிட்ட எனக்கு அது கண்ணில் படவே இல்லை. வெளியே அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் பெண் குழந்தைக்குக் குரோமோசோம் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

எலும்பின் வயதைப் பார்க்க இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். தைராய்டு, சிறுநீரகம், ரத்தசோகை, கோதுமை குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான சோதனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. எலும்பு வயது ஏழு என்று வந்தது. குரோமோசோம் சோதனைக்குத்தான் நாள் பிடித்தது. ரத்த அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயமேற்றி எண்ணுகிறார்களாம். மூன்று வாரம் கழித்து "45, எக்ஸ்" என்று வந்தது. பெண்களுக்கு 46 குரோமோசோம்கள், அதில் இரண்டு எக்ஸ். என் மகளிடம் எண்ணிப் பார்த்த 30 அணுக்களிலும் ஒரே ஒரு எக்ஸ்.

டர்னர் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். 1938-இல் ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்ததாம். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஷாக்ஸ் என்ற மரபணு இருக்கிறது, எலும்பு நீள்வதற்கு அதில் இரண்டு பிரதி வேண்டும், இவளிடம் ஒன்றுதான் என்று டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். குரோமோசோம் எல்லாம் சரியாக இருந்து அந்த ஒரு மரபணு மட்டும் கெட்டுப்போன பிள்ளைகளும் உண்டாம். அவர்களுக்குத் தனிச் சோதனை வேண்டும்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இது யார் வழியில வந்தது மேடம்?" என்பதுதான். யார் வழியிலும் இல்லை என்றார். கரு உண்டாகும் சமயத்தில் ஒரு குரோமோசோம் தவறிப்போவது தற்செயல். நான் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் மிஞ்சியிருப்பது அம்மா கொடுத்த எக்ஸ்தானாம். அடுத்த முறை போனபோது அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அதே படத்தை அவருக்கும் போட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், காது சோதனை செய்தாக வேண்டும். டர்னர் பிள்ளைகளுக்கு மகாதமனி வால்வு மூன்று இதழுக்குப் பதில் இரண்டாக இருக்கலாம், ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். எங்களுக்கு இதயம் நன்றாக இருந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் குதிரை லாடம் மாதிரி ஒட்டியிருந்தன, ஆனாலும் அதில் தொந்தரவு எதுவும் இல்லை. உயரத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு இவற்றை விட்டுவிடாதீர்கள்.

இவளுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவில்லை. அப்படியிருக்க ஏன் ஊசி என்று கணவர் கேட்டார். எலும்பு மெதுவாகத்தான் கேட்கிறது, அதனால் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஹார்மோன் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கொடுப்பதைவிட அளவும் இதற்குக் கூடுதல். இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் மருந்து என்று கணவர் எங்கோ படித்துப் பயந்திருந்தார். ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள், அதனால் சிலருக்கு மூளை நோய் வந்து 1985-இல் நிறுத்தப்பட்டது. இப்போது மனித மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்து ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கனடாவில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் வளர்ந்து முடியும்வரை பார்த்ததில் சராசரி வித்தியாசம் 7 செ.மீ. வந்ததாம். ஊசி இல்லாவிட்டால் டர்னர் பெண்கள் மற்ற பெண்களைவிட 20 செ.மீ. அளவுக்குக் குட்டையாக நிற்பார்கள். அந்த ஏழு செ.மீ.க்கு இத்தனை வருட ஊசி தேவையா என்று இரண்டு ராத்திரி பேசினோம். பஸ் கம்பி, பள்ளி ஆய்வக மேஜை, கடைக் கல்லாப்பெட்டி எல்லாம் மனதில் வந்துபோயின. சரி, போடுவோம் என்று முடிவு செய்தோம்.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஊசி. பேனா மாதிரிக் கருவி, 4 மி.மீ. ஊசி, தோலுக்கு அடியில். இடது தொடை, வலது தொடை, வயிறு என்று இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். முதல் வாரம் அவள் அழுததைவிட நான் அதிகம் அழுதேன். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் அத்தோடு வீண். கரண்ட் போகும் நாளுக்காக ஐஸ் பேக்கும் தெர்மோகோல் பெட்டியும் எப்போதும் தயாராக இருக்கும். ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் அந்தப் பெட்டி கூடவே வரும். கழற்றிய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவோம்.

இரண்டாவது மாதம் தலைவலி என்றாள். காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். கண்ணின் பின்பகுதியைச் சோதித்து மூளையில் அழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மூச்சு வந்தது. இடுப்பு வலியோ நொண்டி நடப்பதோ தெரிந்தாலும் அப்படித்தான், அன்றே காட்ட வேண்டும்.

செலவைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து யாருக்கும் உதவாது. அளவு எடையைப் பொறுத்தது. எங்களுக்கு ஆரம்பத்தில் மாதம் பதினைந்தாயிரத்தை ஒட்டி வந்தது, அவள் வளர வளர ஏறியது. என் இரண்டு வளையல் அதில் போயின. 2021-இல் வந்த மத்திய அரசின் அரிய நோய்களுக்கான கொள்கையில் டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோனும் இடம்பெற்றிருக்கிறது. எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. நீங்கள் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் வருடம் 8.5 செ.மீ. வளர்ந்தாள். அடுத்த வருடம் 6, மூன்றாவது வருடம் 5. இப்போது பதினொன்று முடிந்து 128.5 இருக்கிறாள். வகுப்பில் இன்னும் முன்வரிசைதான், ஆனால் தனியாகத் தெரிவதில்லை.

உயரத்தைவிடப் பெரிய பேச்சு ஒன்று இருந்தது. கருப்பை இருக்கிறது, சினைப்பைகள் வேலை செய்யவில்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால்தான் அவளுக்குப் பருவம் வரும். அதைக் குறைந்த அளவில் ஆரம்பித்து இரண்டு, மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றுவார்கள். போன மாதம் டாக்டர் என் முன்னிலையில் அவளிடமே சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "குழந்தை பிறக்காதாம்மா?" என்று கேட்டாள். தானாகப் பிறப்பது ரொம்ப அரிது, வேறு வழிகள் இருக்கின்றன, நீ பெரியவளானதும் டாக்டரிடம் நாமே கேட்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் என் மடியில் படுத்திருந்தாள். ஒன்பது மணிக்கு அத்தை உள்ளேயிருந்து, "ஊசி நேரமாச்சு தாயி" என்று குரல் கொடுத்தார். எழுந்து போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, பேனாவில் அளவைத் திருகி வைத்துக்கொண்டு, "இன்னைக்கு வலது காலும்மா" என்று வந்து உட்கார்ந்தாள்.