இன்றைக்கு வலை இறங்காது

ஞாயிறு முதல் பூசை முடிந்து கரைக்கு வந்தேன். எல்லா வள்ளமும் மணலில் கிடந்தது.

நிழலில் ஒரு தாத்தா. ஆறு நாளும் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை. அந்தத் தடித்த விரல்களில் செபமாலை மணி மணியாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நேத்து நல்ல மீன்பாடாமே தாத்தா, இன்னைக்கும் போயிருக்கலாமே?"

"இன்னைக்கு ஆண்டவரு நாள்லா, மக்கா."

1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் மறை பரப்ப வந்த முத்துக்குளித்துறைக் கரை இது. எத்தனை புயல், எத்தனை கடன்! வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போதும் ஒரு நாளைக் கடவுளுக்கென்று விட்டுவைக்க எவ்வளவு விசுவாசம் வேண்டும்! நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

சாயங்காலம் எங்கள் அன்பியக் கூட்டம்; அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் அத்தை வீட்டில்.

அங்கே பாய் பத்தாது. பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாயிற்று.