74 சென்டிமீட்டர் மீனும் ஒரு ஈரத்துணியும்

மீன் 74 சென்டிமீட்டர். அளவுப் பாயில் அதன் வால் நுனி அந்தக் கோட்டில் கிடந்ததை நானும் பார்த்தேன், படகில் இருந்த அண்ணனும் பார்த்தார். நான் பிடித்தது ஃபிளாட்ஹெட் என்கிற மீன். அன்று மாலை போட்டியின் முடிவுப் பலகையில் ஏறிய பெரிய ஃபிளாட்ஹெட் 69. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. இந்தப் பக்கம் முதல் முறையாகக் கடல் தூண்டில் போட்டிக்குப் போக நினைக்கிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

போட்டி நடந்தது லேக் மக்குவாரியில், சிட்னிக்கு வடக்கே. பெயர்தான் ஏரி, தண்ணீர் உப்பு. ஸ்வான்சி கால்வாய் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பரப்பு. முத்துப்பேட்டைப் பக்கம் காயலில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். இந்த ஏரியை முதலில் பார்த்தபோது ஊர் ஞாபகம்தான் வந்தது. படகு அண்ணனுடையது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது.

இணையத்தில் பதிவு செய்வதும் பணம் கட்டுவதும் பத்து நிமிட வேலை. சிக்கல் வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்தது.

போட்டி சனி, ஞாயிறு. வெள்ளி மாலை ஐந்து முதல் எட்டு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு, அளவுப் பாயும், படத்தில் மீனோடு வைக்க வேண்டிய அட்டையும் வாங்க வேண்டும். வேலை முடிந்து சிட்னியின் டூங்காபி பகுதியிலிருந்து கிளம்பி, வெள்ளிக்கிழமை நெரிசலில் இரண்டரை மணி நேரம் ஓட்டி, ஏழரைக்கு வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த பெண்மணி என் மீன்பிடி லைசென்ஸைக் கேட்டார். காட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது நாளை இரவோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு?" என்றார்.

போன வருடம் அதே வாரம் எடுத்த ஒரு வருட லைசென்ஸ். எடுத்த தேதி நினைவிருந்தது, முடியும் தேதியைப் பார்க்கவில்லை. "இப்போதே போனில் புதுப்பித்துவிடுகிறேன், ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்றேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பாமல் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். படகுத் துறையில் என் போனுக்கு சிக்னல் இல்லை. காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனேன். பக்கம் திறந்தது, விவரம் போட்டேன், வங்கியின் ஓடிபி வரவில்லை. இரண்டாவது முறை வந்தது. 35 டாலர் போனது, ரசீது வந்தது. திரும்பி வந்தபோது மணி எட்டு பத்து. மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ரசீதைக் காட்டினேன். "எட்டு மணிக்கு முடிந்துவிட்டது" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. காலையில் வரலாமா, வேறு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர், நாள் முழுக்க நின்றிருப்பார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், தாமதமாக வருபவர்கள் காலை ஐந்து மணிக்குக் கையெழுத்திடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை அவர் சொல்லியிருந்தால் அந்த இரவு எனக்கு வேறு மாதிரிப் போயிருக்கும். திரும்பி சிட்னிக்கே போய்விடலாம் என்று காரில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன்தான் கண்ணாடியைத் தட்டி, "இப்ப போய் என்ன செய்யப் போறீர்? இஞ்சயே படும். விடிய வெள்ளண வந்து பாப்பம், தம்பி" என்றார். காரிலேயே படுத்தேன். காலை ஐந்து மணிக்கு வேறொருவர் மேசையில் இருந்தார். ரசீதைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், பையைக் கொடுத்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

லைசென்ஸ் பற்றிப் புதியவர்களுக்கு ஒன்று. நியூ சவுத் வேல்ஸில் 2001 முதல் உப்புத் தண்ணீரில் தூண்டில் போடவும் கட்டணம் உண்டு. மூன்று நாளைக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14, ஒரு வருடத்துக்கு 35, மூன்று வருடத்துக்கு 85. பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டியதில்லை. தூண்டில் கோலை வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நின்றாலே லைசென்ஸ் இருக்க வேண்டும். அதனால் "நான் சும்மா கூட வந்தேன்" என்கிற பேச்சு செல்லாது. இந்தப் பணத்தைக் கட்ட எனக்கு வருத்தம் கிடையாது. 2002இல் இந்த ஏரியில் வலைத்தொழில் நிறுத்தப்பட்டது. தொழில் செய்தவர்களுக்கு உரிய இழப்பீடு போனது இந்தக் கட்டணம் சேரும் நிதியிலிருந்துதான். மீனவர் ஊரில் பிறந்தவனுக்கு ஒரு தொழில் நிற்பது லேசான செய்தி இல்லை. குறைந்தபட்சம் அவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

துறையில் படகு இறக்கும் முன் உயிர்காப்பு உடுப்பைச் சோதித்தார்கள். என்னுடையது காற்று நிரம்பும் வகை, பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. சோதித்தவர் உள்ளே கையை விட்டு சிறிய கேஸ் குப்பியைத் திருகி எடுத்து, கழுத்தில் படிந்திருந்த துருவை எனக்குக் காட்டினார். இந்த வகை உடுப்பைத் தயாரிப்பாளர் சொன்னபடி, பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, சர்வீஸ் செய்திருக்க வேண்டும். என்னிடம் அதற்கான சீட்டு இல்லை. இவர் கறாராக இருந்ததில் எனக்குக் குறையே இல்லை, அந்தக் குப்பி தண்ணீரில் என்னைக் கைவிட்டிருக்கும். அண்ணன் படகில் கூடுதலாக ஒரு நுரை உடுப்பு இருந்ததால் தப்பினேன். உங்களிடம் இருந்தால் இன்றே திறந்து குப்பியைப் பாருங்கள்.

இனி அந்த மீன். ஃபிளாட்ஹெட்டைப் பார்க்காதவர்களுக்கு: யாரோ தலையை மிதித்து நசுக்கியது போலத் தட்டையாக இருக்கும், மணலில் புதைந்து கிடந்து இரையைக் கவ்வும். செவுள் மூடியின் இரண்டு பக்கமும் ஊசி போல முள் உண்டு. குத்தினால் கை விண்விண் என்று தெறிக்கும். பாசித் திட்டின் ஓரமாக, இரண்டு மீட்டர் ஆழத்தில், ரப்பர் இரையைத் தரையில் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி இருக்கும். முதலில் பாசியில் மாட்டியது என்றுதான் நினைத்தேன். பிறகு பாசி தலையை ஆட்டியது. தங்கூசி மெல்லியது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, பத்து நிமிடம் கழித்து வலையில் வந்தது.

இந்த ஏரியில் கிடைக்கும் டஸ்கி ஃபிளாட்ஹெட் வகையில் 36 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 70க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பெரியதெல்லாம் சினை சுமக்கும் பெண் மீன்கள். இந்தப் போட்டியில் எதையுமே வைத்துக்கொள்வதில்லை. பாயில் கிடத்திப் படம் எடுத்து விட்டுவிட வேண்டும். பாயை நனைத்தேன், உலர்ந்த பாய் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். கிடத்தினால் துள்ளுகிறது, ஒரு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. "துணியைக் கண்ணுக்கு மேல போடும், அடங்கீடும்" என்றார் அண்ணன். ஈரத்துணியைப் போட்டதும் உண்மையிலேயே அடங்கியது. செவுள் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. வால் 74இல். அட்டையை வைத்தேன், ஒரே ஒரு படம் எடுத்தேன், ரத்தம் சொட்டும் கையோடு அவளைத் தண்ணீரில் பிடித்து நிறுத்தினேன். இரண்டு மூச்சு வாங்கிவிட்டு என் கையை உதறிக்கொண்டு போனாள்.

மாலையில் நடுவர் படத்தைப் பெரிதாக்கினார். வால் இருக்கிறது, அட்டை இருக்கிறது, அன்றைய குறியீடு இருக்கிறது. பாயின் பூஜ்ஜிய முனையில் துணியின் நுனி தொங்குகிறது. வாய் மூடி முனைத்தடுப்பைத் தொடுவது தெரிய வேண்டும் என்பது விதி. "வாய் தெரியவில்லை, செல்லாது." வேறு படம் இருக்கிறதா என்றார். இல்லை. அண்ணனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். சாட்சி செல்லாது, படம் மட்டும்தான் செல்லும் என்றார். அவர் சொன்னது சரிதான். சரி என்று தெரிந்த பிறகும் கார் வரை நடக்கக் கால் வரவில்லை.

எனவே போகிறவர்கள் கவனியுங்கள். மீன் படகுக்குள் வருவதற்கு முன்பே பாய் நனைந்து, அட்டை செருகி, போன் திறந்து தயாராக இருக்க வேண்டும். அட்டையில் அன்றைய குறியீட்டைக் காலைக் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள், ஞாயிறுக்கு வேறு குறியீடு. தலை எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு போட்டிக்கும் மாறலாம், இங்கே இடப்பக்கம். வாலை விரலால் கிள்ளிக் குவிக்காதீர்கள். துணி போட்டு அடக்குங்கள், படம் எடுக்கும் நொடியில் ஒருவர் துணியை விலக்க, மற்றவர் படம் எடுக்கட்டும். மூன்று படமாவது எடுங்கள். மீனை விடும் முன் ஒருவர் அதைத் தண்ணீரில் பிடித்திருக்க, மற்றவர் படத்தைப் பெரிதாக்கி இரண்டு முனையும் தெரிகிறதா என்று பார்க்கட்டும். பத்து நொடி வேலை. நான் வீட்டில் பாயை விரித்து, ஒரு புடலங்காயைக் கிடத்தி, மகனை வைத்து இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். கை தானாகப் போக வேண்டும் என்றால் இதுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமை காற்று எழுந்தது, மீன் குறைவு. ஆனாலும் 58 சென்டிமீட்டர் ஃபிளாட்ஹெட் ஒன்று வந்தது. நான்கு படம் எடுத்தேன். பிறகு மணல் திட்டில் ஒரு விட்டிங், 34. நம்மூர்க் கிழங்கானின் உறவு, அதே வெள்ளி உடம்பு, அதே கூர் மூஞ்சி. ஊரில் அம்மா குழம்பு வைக்கும் மீன். அதையும் படம் எடுத்து விட்டேன். மாலையில் நடுவர் படங்களைத் தள்ளிப் பார்த்து இரண்டுக்கும் டிக் போட்டார். பலகையில் நடுவில் எங்கேயோ என் பெயர் ஏறியது. அண்ணன் அதைப் போனில் படம் எடுத்து என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், நான் கேட்கவில்லை.

அடுத்த போட்டிக்குப் பதிவு திறந்த அன்றே பணம் கட்டிவிட்டேன். இந்த லைசென்ஸ் முடியும் தேதியை போன் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்துவிட்டேன், அடுத்தது மூன்று வருடத்துக்கு எடுக்கப் போகிறேன். உடுப்பு சர்வீஸுக்குப் போயிருக்கிறது, புதன்கிழமை போய் வாங்க வேண்டும்.