ஒரு குண்டு குறைந்த தோடு

நேற்று ராத்திரிதான் காரைக்குடியிலிருந்து திரும்பினோம். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். அதெல்லாம் இன்னொரு நாள். முதலில் தோடு.

சரி, தோட்டுக்கும் முன்னால் ஆட்டோ. கானாடுகாத்தான் போய்வர 700 ரூபாய் பேசி ஏறினோம். திரும்பி இறங்கும்போது ஆயிரம் கேட்டார். "வெயிட்டிங் சார்" என்றார். அரண்மனை வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றதற்கு 300 ரூபாயா? கத்திக் கத்தி 850க்கு முடித்தேன். அந்த 150 இன்னும் வயிற்றெரிச்சல். பஸ் இருக்கிறது, பஸ்ஸிலேயே போங்கள்.

மத்தியானம் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தட்டு, பித்தளைத் தூக்கு, மரத்தூண் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு கடையில் கறுத்துப்போன வெள்ளிக் காப்பு ஒன்றைக் காட்டி "ஆச்சி வீட்டுப் பழசு" என்றார்கள். ஓரத்தில் அழகாக ஒரு நசுங்கல். மனைவி கிட்டத்தட்ட வாங்கியே விட்டாள். பக்கத்துத் தட்டில் இன்னும் இரண்டு கிடந்தன, அதே நசுங்கல் அதே இடத்தில்! மூன்று ஆச்சிகளும் ஒரே அம்மிக்கல்லில் போட்டார்களா? அச்சில் வார்த்த பழசு. கறுப்பும் ஒரு அத்தாட்சி இல்லை. கந்தகம் பட்டால் வெள்ளி சீக்கிரமே கறுத்துவிடும். அந்தக் காப்பு வெள்ளிதானா என்பதே சந்தேகம். ஜெர்மன் சில்வர் என்பதில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், வெள்ளி ஒரு பொட்டும் கிடையாது.

அந்தக் கடுப்பில் சந்துக்குள் திரும்பியபோதுதான் பட்டறை கண்ணில் பட்டது. ஒரு ஆள் உட்காரும் இடம். கரி, ஊதுகுழல், அரம், கிண்ணத்தில் பற்றவைக்க உதவும் வெங்காரம். வயதான ஆசாரி தலை நிமிராமல் வேலையில் இருந்தார். வெள்ளிக் கம்பியை எள்ளளவு எள்ளளவாக வெட்டிக் கரிமேல் வைத்து ஊதினார். துண்டு சிவந்தது, நடுங்கியது, சட்டென்று தானே சுருண்டு உருண்டையாகிவிட்டது. வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். அதை ஒரு மனிதர் வாயால் ஊதிக் கொண்டுவருகிறார். அப்படி எடுத்த குண்டுகளைத் தோட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்து, பற்றவைக்கும் பொடியைப் போட்டு ஊதி ஒட்டுகிறார். கம்பியைக் கண்ணளவில் வெட்டுவதால் எந்த இரண்டு குண்டும் ஒரே அளவில் இல்லை. பெரிதுக்கு அடுத்து சிறிது, வெளிச்சம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி பட்டுத் தெறிக்கிறது. காலையில் ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் கலர் சிமெண்டைக் கையால் ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்த்துவிட்டு வந்த கண். இதை விட்டு நகர முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கைவேலை என்ற பெயரில் எதையும் மன்னிக்க நான் தயாரில்லை. திருகாணி வழுக்கினாலோ, ஓரம் விரலைக் கீறினாலோ, பற்றவைத்த இடத்தில் இடுக்குத் தெரிந்தாலோ அது அழகில்லை, அரைகுறை வேலை. போட்டுத் திருகிப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் ரசிக்கலாம்.

இந்தத் தோடு அதிலெல்லாம் தேறியது. 92.5 சதவீத வெள்ளி, ஜோடி 1,450 ரூபாய். வெள்ளி விற்கிற விலையில் பர்ஸைத் திறக்கவே கை கூசியது. அப்போதுதான் மனைவி எண்ணினாள். ஒரு தோட்டில் 11 குண்டு, இன்னொன்றில் 10.

ஆசாரிக்கு முகம் மாறிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரும் எண்ணினார். "தப்புதான் ஆத்தா. இடம் கூடிப்போச்சு, நெரவிவிட்டுட்டேன். நாளைக்குக் காலைல வாங்க, பிரிச்சு வச்சுத் தாரேன்."

"வேண்டாம் ஐயா, இப்படியே குடுங்க. இதுதான் நல்லா இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. குறை உள்ளதை ஆசையாகக் கேட்கிற பட்டணத்துக்காரியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தோட்டைத் தாளில் மடித்து, நான் கொடுத்த பணத்திலிருந்து 50 ரூபாயைத் திருப்பி நீட்டினார். குறைந்த குண்டுக்காம்.

வாங்காதே என்று மனைவி கண்ணைக் காட்டினாள். ஆட்டோவில் போன 150 ஞாபகத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.