பாட்டிலில் படிந்த செம்மண்

"அம்மா, மண்ணு கீழ படிஞ்சிருச்சே?"

பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்டாள். "ஒரு குலுக்கு குலுக்கும்மா, திரும்பக் கலந்துரும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

பாடம் குறுந்தொகை 40. 'செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.' செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான் தலைவன். ஏற்காடு அடிவாரத்துச் செம்மண் இரண்டு பிடி, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர். குலுக்கியதும் செக்கச் செவேலென்று ஆகும், உவமையைக் கண்ணிலேயே காட்டிவிடலாம் என்று கொண்டுபோயிருந்தேன். அப்படிக் காட்ட முடியாது. மணல் சில நிமிடத்தில் இறங்கிவிடும். நுண்ணிய களி மணிக்கணக்கில் மிதந்து நிறம் காட்டும், பிறகு அதுவும் படியும். புலவர் சொன்னது நிலத்தில் பெய்த மழையை. அங்கே நீர் மண்ணுக்குள் இறங்கி அதன் இயல்பை ஏற்கிறது. 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்று குறள் 452 சொல்வதும் இதைத்தான். நான் மண்ணை நீருக்குள் போட்டுத் தலைகீழாக்கிவிட்டேன். இதையே அவளுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் குட்டையில் தேங்குகிற மழைநீரும் நாலு நாளில் தெளியும்தானே என்று அவள் கேட்டிருந்தால்?

பாட்டின் கூற்றை, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பைப் பாருங்கள்: பிரிவர் எனக் கருதி அஞ்சிய தலைமகளின் குறிப்பு வேறுபாடு கண்டு தலைமகன் கூறியது. 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று அவன் தொடங்குவதே பயந்து நிற்பவளைத் தேற்றத்தான். அன்று நான் கூற்றை வாசிக்கவில்லை. கூற்று பிற்காலத்தார் சேர்த்தது, ஐந்தடிப் பாட்டுக்கு அதன் துணை வேண்டியதில்லை என்பது என் கட்சி. இப்போதும் அதில் பிழை காணவில்லை. ஆனால் கூற்றைக் கேட்காத ஒரு பெண் தலைவியின் அச்சத்தை அப்படியே வாய்விட்டுச் சொன்னாள், நான் பாட்டிலைக் குலுக்கச் சொன்னேன். தலைவன் குரலில் பேசிவிட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது. அவன் பேச்சிலாவது கனிவு இருந்தது.

40-ஐ நடத்திய கையோடு குறுந்தொகையிலேயே கபிலரின் 25-ஆம் பாட்டையும் வைக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே பேசுவது அவள். 'தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ', அவன் சொன்னதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அவன் மணந்த அன்று அருகில் வேறு யாருமில்லை. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஒரு குருகு நின்றது. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.