கூடை விழாத இரவில் வென்ற கோப்பை

2011 ஏப்ரல் 4, ஹூஸ்டன். அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தின் என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டி. கனெக்டிகட் அணி 55 முறை எறிந்ததில் கூடைக்குள் விழுந்தது 19 மட்டுமே. மூன்று புள்ளி எறிதலில் 11க்கு ஒன்று! நட்சத்திர வீரர் கெம்பா வாக்கருக்கே 19 முயற்சிகளில் 5தான் விழுந்தன. இடைவேளையில் பட்லர் அணி 22-19 என முன்னிலை. ஆனால் கடைசியில் கனெக்டிகட் 53-41 என்று ஜெயித்தது.

"பார்க்கவே முடியாத ஆட்டம்" என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்லரின் நிலைமையைப் பாருங்கள்: 64 முயற்சிகள், 12 கூடைகள். அதிலும் இரண்டு புள்ளி எறிதல்கள் 31, விழுந்தவை மூன்றே மூன்று. கூடைக்கு அடியில் நெருங்கிப் போனால் கனெக்டிகட்டின் உயரமான கைகள் சுவர் மாதிரி நின்றன. எறிந்த பந்தைக் கையால் தடுத்த பிளாக் மட்டும் 10. கூடைக்கு அடியில் கிடைத்த புள்ளிகளில் கனெக்டிகட்டுக்கு 26, பட்லருக்கு 2!

எறிதல் சில நாள் கைகொடுக்கும், சில நாள் காலை வாரிவிடும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அப்படித்தான். தடுப்பாட்டமும், தவறி எகிறும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டும் வேறு ரகம். அவற்றுக்கு ஓடத் தயாரான கால்கள் வேண்டும், முட்டி மோதி இடம் பிடிக்கிற பிடிவாதம் வேண்டும். தவறிய பந்தை நாமே பிடித்துவிட்டால் இன்னொரு வாய்ப்பு. எதிரணி தவறவிட்டதைப் பிடித்தால் அவர்கள் வாய்ப்பு அதோடு முடிந்தது.

அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர் கனெக்டிகட்டின் அலெக்ஸ் ஒரியாக்கி. 11 புள்ளி, 11 ரீபவுண்ட். வாக்கரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.