கூட்டத்தில் ஒருவர் சுருண்டு விழும்போது

ஒருவர் மயங்கி விழுந்ததும் சுற்றி நிற்பவர்கள் உறைந்துபோவது கல்நெஞ்சத்தால் அல்ல. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அவர் அசையாததால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறார். 1968இல் லட்டானே, டார்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஓர் அறைக்குள் புகையை விட்டுச் சோதித்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் உட்காரும்படி ஏற்பாடு செய்த இருவர் பக்கத்தில் இருந்தபோது 10 சதவீதம் பேர்தான்.

அதனால் “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று கத்தாதீர்கள். ஒருவரைப் பார்த்துக் கை நீட்டி, “நீலச் சட்டை அண்ணா, நீங்க போன் பண்ணுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் உடனே போனை எடுத்துவிடுவார்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறுவதை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பதுதான் இங்கே பெரிய தவறு. பெரியவர்களுக்கு, மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். களைத்தவர்கள் தங்களை அறியாமல் அதன்மேல் சாய்ந்துவிடுகிறார்கள். அப்போது இதயத்தில் ரத்தம் சரியாக நிறையாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.