திகதியைப் பூட்டுங்கள், வசதிகளை விடுங்கள்

"இந்த வசதி முடியட்டும், வெளியிடுவோம்" என்று மென்பொருள் வேலையைத் தொடங்கினால் வெளியீடு வராது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் புதுச் சேர்க்கைக்கு 2 கிழமைதான். பிறகு ஞாயிறுதோறும் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பு), வழமையாக ஏழு வரை. பிந்தியது அடுத்த சுற்றுக்கு.

ஓய்வுநேரத்தில் நாலைந்து பேர் செய்யும் திட்டத்துக்கு 12 கிழமைச் சுற்று தோதானது: 8 கிழமை நிரல், 2 கிழமை மொழிபெயர்ப்பு, 2 கிழமை வழுத்திருத்தம் மட்டும். ஒன்பதாம் கிழமை திரைச்சொற்களைப் பூட்டாவிட்டால் தமிழ் இடைமுகம் பாதி ஆங்கிலமாகவே போகும். திருகோணமலையில் இருந்து வேலை என்றால் கடைசி 2 கிழமையை மாரிக்குள், அதாவது நவெம்பர், டிசெம்பரில், விழவிடாதீர்கள், கரண்டை நம்பமுடியாது.

தமிழ்த் தேடலைக் கட்டாயம் சோதியுங்கள். "கோணேசர்" என்பதில் 'கோ' திரையில் ஒன்றுதான். உள்ளே ஓகாரக்குறி ஒற்றைக் குறியீடாகவும் இருக்கும், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் தேடல் வெறுமையாகத் திரும்பும். ஒப்பிடுமுன் இருபக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவுக்கு, மாற்றினால் தீரும். 'ஔவை'யை ஒ, ள என்று அடித்தவர்களுக்கு மட்டும் அது உதவாது. அதற்குத் தனி விதி எழுதவேண்டும்.